கஞ்சி கலையாத துண்டு

"மாட்டைப் பத்தி என்னைவிட உங்களுக்கு அதிகமாத் தெரியுங்களா?" என்று கேட்டார் அர்த்தநாரி.

"தெரியாதுங்கண்ணா" என்றார் ராக்கியப்பன்.

"பின்னே ஏனுங்க உங்க துண்டு கசங்குது, என் துண்டு கசங்க மாட்டேங்குது?"

ராக்கியப்பன் அர்த்தநாரியின் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார். விளிம்பை இரண்டு விரலால் தடவினார்.

"வீட்டுல நல்லாக் கஞ்சி போட்டிருக்காங்க" என்றார்.

பிறகு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஐந்து வாரமாக உபதேசம் இந்த மட்டில்தான் நடந்துகொண்டிருந்தது.

*

முள்ளம்பாடிச் சந்தையில் மாட்டுக்கு வாயால் விலை பேச மாட்டார்கள். தரகர் தன் துண்டைக் கைமேல் போட்டுக்கொள்வார். விற்கிறவர் அதற்குள் கையை விடுவார். எந்த விரலைப் பிடித்தார், எத்தனை தடவை அழுத்தினார் என்பதுதான் விலை. அப்புறம் வாங்குகிறவர் கை. சுற்றிலும் நூறு பேர் நின்றாலும் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. வாய் அந்த நேரத்தில் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். ஆனியில் தொடங்கி ஆவணிவரை சொட்டு மழை இல்லாத வருஷங்களில்கூட அங்கே பேச்சு மழையைப் பற்றித்தான்.

நாலு வியாபாரம் முடித்த துண்டு, சந்தை கலையும்போது கன்றுக்குட்டி மென்று துப்பியதுபோல் இருக்கும்.

அர்த்தநாரியின் துண்டு போன மடிப்போடு வீடு திரும்பியது. வீட்டில் மனைவி "போணி ஆச்சுங்களா?" என்று கேட்பதை மூன்றாவது வாரமே நிறுத்திவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்தபோதே தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

படிப்பில் குறைவில்லை. கால்நடை மருந்தகத்தில் இருபத்தாறு வருஷம் உதவியாளராக இருந்து, ஓய்வு பெற்றபின் தரகுக்கு வந்தவர். மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடத்தை வைத்துப் பலன் சொல்வது சுழி; சந்தையில் பழுத்தவர்களுக்கே இருபதுதான் தெரியும். அவருக்கு அறுபத்துமூன்று தெரியும். அந்த அதிகப்படி நாற்பத்துமூன்றும் என்ன என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்ற பயம்.

ராக்கியப்பனுக்குச் சுழி ஆறோ ஏழோ தெரியும். அதிலும் இரண்டு சந்தேகம். ஆனால் வாரத்துக்குப் பத்து ஜோடி அவர் துண்டுக்குள்தான் கை மாறின. அர்த்தநாரியைவிடப் பதினாறு வயது இளையவர். 'குருவே' என்று கூப்பிட அர்த்தநாரிக்கு வாய் வரவில்லை. 'தம்பி' என்று கூப்பிடத் தேவை இடம் கொடுக்கவில்லை. ஆகவே எதற்கும் 'ஏனுங்க' என்று வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு ஆறாவது வாரம்.

சந்தைக்கு ஒரு சட்டம் உண்டு. தொடர்ந்து ஆறு வாரம் ஒரு ஜோடிகூட முடிக்காத தரகருக்கு மர நிழல் கிடையாது. நிழல் இல்லாதவரிடம் யாரும் மாட்டைக் கொண்டுவந்து கட்ட மாட்டார்கள். அதற்குமேல் அவர் சந்தைக்கு வருவதும் வராததும் ஒன்று. காலை பதினோரு மணிக்குக் காவல்காரர் பதினோரு தடவை மணி அடிப்பார். கடைசி அடிக்குள் கயிறு கை மாறியிருக்க வேண்டும்.

பக்கத்து மரத்துத் தரகர் சடையன், அர்த்தநாரி தலையின்மேல் இருந்த வேப்பங்கிளைகளை இப்போதே அளந்துகொண்டிருந்தார்.

"சாஸ்திரியாரே, அடுத்த வாரம் வரும்போது மறக்காம ஒரு குடை கொண்டுவந்துருங்க!"

*

அர்த்தநாரியின் மரத்தடியில் கட்டியிருந்தது ஒரே ஒரு ஜோடி. மயிலைக் காளைகள். கொண்டுவந்தவர் காரியப்பன் என்ற விவசாயி. முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி ஏர் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் விற்கிறார்.

விடிந்ததுமே காரியப்பனின் கையைத் துண்டுக்குள் வாங்கி விலையைத் தெரிந்துகொண்டாயிற்று. நியாயமான விலைதான்.

"காரியண்ணன் கை என்ன சொல்லுச்சு?" என்று ராக்கியப்பன் கேட்டார்.

அர்த்தநாரி அவர் காதில் எண்ணைச் சொன்னார்.

"அது விரல் சொன்னதுங்க. கை என்ன சொல்லுச்சு?"

"விரல் கையிலதானுங்களே இருக்குது?"

"அப்படீங்களா!" என்று ராக்கியப்பன் ஆச்சரியப்பட்டார். டீக்கடைப் பக்கம் திரும்பினார்.

*

எட்டரை மணிக்கு ஒருவர் வந்தார். கூடவே மாப்பிள்ளை. மாட்டின் உதட்டை விலக்கிப் பார்த்துவிட்டு, "ஆறு பல் ஆயிருச்சே" என்றார்.

"நாலுங்க. ஓரத்துல இருக்கிறது பால் பல்லு" என்றார் அர்த்தநாரி.

அதோடு விட்டிருக்கலாம்.

"பல்லு எண்ணத் தெரியாததாலதானுங்க போன தையில அந்தக் கிழட்டுச் செவலையை உங்க தலையில கட்டினாங்க. நான் அன்னிக்கே பார்த்தேன்."

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். மாமனார் வானத்தைப் பார்த்தார். பிறகு இருவரும் சடையன் மரத்துக்குப் போனார்கள்.

ஒன்பதரைக்கு இன்னொருவர். ஜோடி பிடித்துப்போயிற்று. சந்தோஷத்தில், தன் வீட்டில் நிற்கிற காளையின் முன்னங்காலில் எங்கே சுழி இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னார். அது விலங்குச் சுழி என்றும், வைத்திருக்கிறவர் ஜெயிலுக்குப் போவார் என்றும் அர்த்தநாரி விளக்கினார். ஏட்டில் எந்த இடத்தில் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

வந்தவர் கும்பிட்டுவிட்டுப் போனார். போகும்போது துண்டை உதறித் தோளில் போட்டார்.

காரியப்பன் கயிற்றை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றிக்கொண்டார். அவ்வளவுதான்.

*

பத்தே முக்காலுக்கு ஒரு இளவட்டம் வந்தது. புதுச்சட்டை. புதுச்செருப்பில் சாணி. பெயர் குணசீலன் என்று பிற்பாடு தெரிந்தது. தூரத்திலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தான்.

"என்னங்க இது! முதுகுல இறங்கு பூரான்! இதையெல்லாம் சந்தைக்குக் கொண்டாந்துடறதா?"

பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

முதுகில் மயிர் பூரான் மாதிரி வளைந்து கிடக்கும் சுழி அது. பூரானின் தலை மாட்டின் தலையைப் பார்த்து இருந்தால் ஏறு பூரான், வீடு ஏறும். வாலைப் பார்த்து இருந்தால் இறங்கு பூரான், வீடும் இறங்கும். இந்தக் காளைக்கு ஏறு பூரான். கண் உள்ளவர் யாருக்கும் தெரியும்.

அர்த்தநாரியின் நாக்கு அடியிலிருந்து எழுந்தது. பூரானைப் பற்றி அவருக்கு மூன்று செய்யுள் மனப்பாடம். மூன்றும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து முட்டிக்கொண்டு நின்றன.

சடையன் சிரிக்கத் தயாராகிக் கையைக் கட்டிக்கொண்டார். மணிக்கூண்டுப் பக்கம் காவல்காரர் நடக்கத் தொடங்கியிருந்தார். ராக்கியப்பன் டீ கிளாஸோடு தள்ளி நின்றார். அவர் மாட்டைப் பார்க்கவில்லை, பூரானையும் பார்க்கவில்லை; பையனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன செய்வதென்று தெரியாமல் அர்த்தநாரி துண்டை எடுத்துக் கைமேல் போட்டார்.

குணசீலன் ஒரு கணம் தயங்கினான். பிறகு கையை உள்ளே விட்டான்.

கை நனைந்திருந்தது.

வெயிலின் வேர்வை சூடாக இருக்கும். இது சில்லென்று இருந்தது. மணிக்கட்டுக்குக் கீழே சன்னமாக ஒரு துடிப்பு, நிற்காமல்.

இந்த நடுக்கம் அர்த்தநாரிக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் ஊசி போடக் கொண்டுவந்த கன்றுகளின் விலாவில் இதைத்தான் தொட்டுக்கொண்டிருந்தார். அப்படி நடுங்குகிற உயிரிடம் ஊசியைக் காட்டக் கூடாது. அதட்டக் கூடாது. உள்ளங்கையை வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும்.

அவர் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

மூன்று செய்யுளும் வந்த வழியே திரும்பின.

"காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களா தம்பி?"

குணசீலன் விழித்தான். பதிலுக்கு அவன் கைவசம் மழைப் பேச்சுதான் இருந்தது.

"இல்லீங்க" என்றான். "நாலு மணிக்கே கிளம்பிட்டேன்."

"அப்பா வரலீங்களா?"

குரல் இறங்கியது. "மாசியில தவறிட்டாருங்க. மாடு எப்பவும் அவருதானுங்க பிடிப்பாரு. எனக்கு இதான் மொதத் தடவை." இன்னும் இறங்கியது. "போனதும் சுழியில ஒரு குத்தம் சொல்லு, இல்லாட்டி ஏமாத்திருவாங்கன்னு சித்தப்பன் சொல்லி அனுப்பிச்சாருங்க."

"சரியாத்தான் சொல்லி அனுப்பிச்சிருக்காரு. வாங்க."

துண்டுக்குள் இருந்த கையை விடாமலேயே அவனைக் காளைப் பக்கம் கூட்டிப்போனார். கையை அதன் முதுகில் வைத்தார்.

"தடவிப் பாருங்க. பூரான் தலை எந்தப் பக்கம்?"

குணசீலன் தடவினான். ஒரு தடவை. இன்னொரு தடவை.

"ஏறுதுங்களா?" என்று கேட்டான்.

"நீங்கதானுங்களே பாக்கறீங்க."

குணசீலன் நிமிர்ந்தான். பத்துப் பேருக்கும் கேட்கும்படி, "ஏறு பூரானுங்க!" என்றான்.

"அட, தம்பிக்குச் சுழி தெரியுதே!" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

அர்த்தநாரி வாயை இறுக்கி மூடிக்கொண்டார். அன்றைக்கு அவர் செய்ததிலேயே கஷ்டமான வேலை அது.

*

குணசீலனின் விரல்கள் விலையைச் சொல்லின. காரியப்பன் விடியலில் கேட்டதற்குக் கொஞ்சம்தான் குறைவு.

காரியப்பனின் கையைத் துண்டுக்குள் வாங்கினார். விரல் சம்மதம் என்றது. உடனே கை எதிராளியை விட்டுவிட வேண்டும், அதுதான் வழக்கம்.

கை விடவில்லை. இறுகியது.

காலையிலும் இப்படித்தான் இறுகியது என்று அப்போதுதான் அர்த்தநாரிக்கு நினைவு வந்தது. காலையில் இவர் விரலை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார்.

மணி ஒன்று அடித்தது.

விரல் சம்மதம் சொல்லியாயிற்று. கயிற்றை வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது. நிழல் தப்பியது. மணி இரண்டு.

"காரியண்ணா" என்றார் அர்த்தநாரி. தன் குரல் இவ்வளவு மெதுவாக வரும் என்று அவருக்கே தெரியாது. "இதுல வலத்து மாடு எதுங்க?"

காரியப்பன் அவரைப் பார்த்தார். விடிந்ததிலிருந்து ஐந்து மணி நேரம் அங்கே நிற்கிறார். பல், சுழி, திமில், குளம்பு எல்லாவற்றைப் பற்றியும் எல்லாரும் பேசினார்கள். யாரும் இதைக் கேட்கவில்லை.

"அந்தக் கொம்பு நெருக்கமா இருக்கிறதுங்க. மாத்திப் பூட்டிராதீங்க, படுத்துக்கும்."

மணி மூன்று.

"அது முதல்ல தண்ணி குடிக்காதுங்க. இடத்து மாடு குடிச்சாத்தான் குடிக்கும். லாரி சத்தம் கேட்டா நின்னுக்கும். அடிக்க வேண்டாம், கழுத்துல ஒரு தட்டு, போயிரும். ஒத்தையில மட்டும் கட்டக் கூடாதுங்க. ராத்திரியெல்லாம் கத்தும்."

நாலு. ஐந்து. சடையன் வேப்பங்கிளையைப் பார்த்துக்கொண்டார். அர்த்தநாரியின் கழுத்தில் வேர்வை ஓடியது. 'சுருக்கமாச் சொல்லுங்க' என்ற வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அவர் அதை விடவில்லை.

"என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டான் குணசீலன்.

"வலத்தது சின்னான். இடத்தது முத்தான்."

குணசீலன் மெல்ல, "சின்னா" என்றான்.

காளை காதைத் திருப்பியது.

ஆறு. ஏழு.

காரியப்பன் கண்ணைச் சிமிட்டிக்கொண்டார். "தம்பி, நீயே உள்ள கையை விடு" என்றார்.

துண்டுக்குள் மூன்று கைகள். அர்த்தநாரியின் கை நடுவில் இருந்தது. ஒரு கையில் துடிப்பு அடங்கிக்கொண்டிருந்தது. ஒரு கை ஒவ்வொரு விரலாகத் தளர்ந்துகொண்டிருந்தது. விரல்கள் விலையைத் திருத்தி என்னவோ சொல்லிக்கொண்டன, இரண்டு தடவை.

எட்டு.

காரியப்பன் வழக்கப்படி பழைய கயிற்றை அவிழ்த்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். குணசீலன் தான் கொண்டுவந்த புதுக்கயிற்றைக் கட்டினான். முடிச்சு அவனுக்குச் சரியாக வரவில்லை. காரியப்பனே கட்டிக்கொடுத்தார்.

ஒன்பது. பத்து.

முடிச்சு விழுந்தது.

பதினொன்று.

*

சந்தை கலைந்தது. அர்த்தநாரி வேம்பின் வேரில் உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டு சுருண்டு கிடந்தது. அதில் ஒரு மடிப்புகூட மிச்சமில்லை.

ராக்கியப்பன் வந்து எதிரில் குந்தினார்.

"எத்தனைக்குங்கண்ணா முடிஞ்சது?"

அர்த்தநாரி சொல்ல வாயைத் திறந்தார்.

மடியில் கிடந்த துண்டைப் பார்த்தார்.

"எண்ணலீங்களே" என்றார்.