நடு ஆற்றில் நின்ற பாலம்

உப்பாற்றின் இக்கரையில் பூவரசங்காடு. அக்கரையில் தாழங்காடு. இரண்டும் வெவ்வேறு நாடுகள். பூவரசங்காட்டை யானை ஆண்டது; தாழங்காட்டைக் கரடி ஆண்டது.

பூவரசங்காட்டில் சாம்பி என்றொரு கழுதை இருந்தது. ஒரு பெருவெள்ளத்தில் அதன் அக்கா வெள்ளச்சியை ஆறு அடித்துக்கொண்டு போய் அக்கரையில் ஒதுக்கிவிட்டது. ஆறு நிறைய முதலைகள். நீந்த வழியில்லை. அந்தி சாயும்போதெல்லாம் அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு கரையில் நின்று கத்திக் கத்திப் பேசிக்கொள்ளும்.

"அக்கா, சாப்பிட்டாயா?"

"சாப்பிட்டேன்டி! நீ ஏன் இருமுகிறாய்?"

ஒருநாள் யானையும் கரடியும் கொக்கைத் தூதுவிட்டு, பாலம் கட்ட முடிவு செய்தன. நடப்பவர்களுக்கு ஒரு சாலை. பக்கத்திலேயே சுமைவண்டிகள் உருள மரத் தண்டவாளம். அவரவர் கரையிலிருந்து ஆளுக்குப் பாதி.

சாம்பி துள்ளிக் குதித்தது. எல்லோரையும் முந்திக்கொண்டு மரம் சுமந்தது.

பாலம் நடு ஆற்றுக்கு வந்தது. இன்னும் சில பலகை தூரம்தான். அப்போதுதான் எல்லோருக்கும் கண்ணில் பட்டது. பூவரசங்காட்டுத் தண்டவாளம் கழுதை வண்டிக்கு ஏற்ற ஒடுக்கம். தாழங்காட்டுத் தண்டவாளம் எருமை வண்டிக்கு ஏற்ற அகலம்!

"உம்முடையதை அகலமாக்கும்!" என்றது கரடி.

"ஏன், நீர் ஒடுக்கினால் ஆகாதா?" என்று பிளிறியது யானை.

"விட்டுக்கொடுத்தால் நாளைக்கு நம்மை யார் மதிப்பார்கள், அரசே?" என்று தூபம் போட்டது யானையின் மந்திரி நரி.

சாலை வேலையும் அதோடு நின்றுபோனது.

சாம்பி மெல்லப் பாலத்தின் நுனிக்கு நடந்தது. எதிர் நுனியில் வெள்ளச்சி நின்றது. இரண்டும் கழுத்தை நீட்டின. மூச்சுக்காற்று பட்டது. மூக்கு எட்டவில்லை; தாவலாமென்றால் கீழே முதலைகள்.

"இப்படி இளைத்துப்போனாயேடி!" என்றது வெள்ளச்சி.

சாம்பி இன்னும் கொஞ்சம் கழுத்தை நீட்டியது. யானையும் கரடியும் அதைப் பார்த்தன. இரண்டும் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போயின.

அன்றே மழை பிடித்துக்கொண்டது. எதிர்க்கரையே தெரியாத அடைமழை. அதில் நனைந்தபடி யானை வேலையாட்களிடம் சொன்னது: "தண்டவாளத்தைப் பெயர்த்து அகலமாகப் போடுங்கள். அந்தப் பிள்ளைகள் ஒன்றுசேரட்டும்."

மழை விட்டது. பூவரசங்காட்டுத் தண்டவாளம் அகலமாகியிருந்தது. தாழங்காட்டுத் தண்டவாளமோ ஒடுங்கியிருந்தது! கரடியும் அதையே நினைத்து மாற்றியிருந்தது!

யானை திகைத்தது. பிறகு சிரித்தது. கரடி வயிறு குலுங்கச் சிரித்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" என்றது யானை.

"நீரும்தான் கேட்டிருக்கலாமே!"

"சரி, இரண்டு வண்டிக்கும் பொதுவாக ஓர் அளவு பேசுவோம்" என்றது யானை. "அதற்கு முன்னால் சாலையைச் சேர்த்துவிடுவோம். இதுகள் காத்திருந்தது போதும்."

கடைசிப் பலகை விழுந்ததுதான் தாமதம், சாம்பி பாய்ந்தோடி அக்காவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. வெள்ளச்சி அதன் காதை நக்கியது, நக்கிக்கொண்டே இருந்தது.

விட்டுக்கொடுக்கும் மனம் நல்லதுதான். அதை வாய்விட்டுப் பேசிக்கொண்டால்தான் இரு கரையும் ஒன்றுசேரும்.