வடக்கு வாசலின் அடையாளச் சொல்

“தாயே, கண்ணை மூடினா ஒரு சொல் வந்து நிக்குது. அதைத் தாண்டி மனசு நகர மாட்டேங்குது,” என்றார் எயினன்.

“என்ன சொல்?” என்று கேட்டார் பூதி அம்மையார்.

“அதைச் சொல்லக் கூடாது.”

எயினன் ஆழிமதில் கோட்டையின் வடக்கு வாசல் காவலர். கோட்டை என்று பெயர்தான். ஏழு நாடுகளைக் கட்டியாண்ட பேரரசு விழுந்து வருஷம் பல ஆகிவிட்டன. அமைச்சர்கள் ஜெயித்தவனைக் கும்பிடப் போனார்கள். அவனை ஜெயித்தவன் வந்ததும் அவனையும் கும்பிட்டார்கள், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. மதில் செங்கல்லை ஊரார் பெயர்த்துக்கொண்டு போய் மாட்டுக்கொட்டகை கட்டினார்கள்.

வாசலில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. எயினன் ஈட்டியோடு அங்கே நின்றார். இரண்டு பக்கமும் சுவர் இல்லாத கதவு, உள்ளே தாழ் போட்டபடி இருந்தது. ஆடுகள்கூட அதைச் சுற்றிக்கொண்டு போகப் பழகியிருந்தன.

அம்மையார் ஊர் ஊராகப் போகிற துறவி. எயினனுக்கு மகள் வயதுதான் இருக்கும். பழைய சுங்கச்சாவடியில் வந்து தங்கியவரிடம், வயதைப் பார்க்காமல் எயினன் சீடராகச் சேர்ந்திருந்தார்.

“ஏன் சொல்லக் கூடாது?”

“அது அடையாளச் சொல் தாயே. தினமும் பொழுது சாய அரசரே வாசலுக்கு வந்து அன்னைக்கு உள்ள சொல்லை என் காதுல சொல்லுவார். அதைச் சொல்றவங்களுக்குத்தான் கதவு திறக்கும். அவர் பெத்த பிள்ளைக்கும் தெரியாது.”

“கடைசி நாளும் வந்தாரா?”

“எதிரி ஆத்தைத் தாண்டிட்டான்னு சேதி வந்துச்சு. அன்னைக்கும் வந்தார். குதிரையிலேர்ந்து குனிஞ்சு காதுல சொன்னார். வெளியே போனார். நான் தாழ் போட்டேன்.”

“திரும்பி வருவேன்னாரா?”

“சொல்லலை. ஆனா சொல் கொடுத்துட்டுப் போனவர் வராம இருப்பாரா?”

ஆற்றுக்கு அக்கரையில் எயினனின் மனைவி நங்கை இருந்தாள். ஒவ்வொரு அறுப்புக்கும் வண்டிக்காரர்களிடம் சொல்லியனுப்புவாள்: “வேலை முடிஞ்சுதான்னு கேளுங்க.”

இவரும் சொல்லியனுப்புவார்: “இன்னும் ஆள் மாத்தலை.”

இந்த வருஷம் வண்டிக்காரர் கூடவே ஒன்று சொன்னார். “அக்காவுக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருது. முழுசா இருட்டுறதுக்குள்ள உங்களை ஒரு தடவை பார்த்துடணும்ங்கறாங்க.”

அதைக் கேட்ட நாள் முதல் எயினனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சொல்லைப் பற்றிப் பேசிய மறுநாள் அம்மையார் கோட்டைக்கு வெளியே வந்து நின்று கதவைத் தட்டினார்.

“யாரது?”

“நான்தான். திறங்க.”

“சொல்?”

“தெரியாது.”

“அப்போ எல்லாரும் வர்ற மாதிரி சுத்திக்கிட்டு வாங்க தாயே.”

“கதவு இருக்கும்போது எதுக்குச் சுத்தணும்?” என்று வெயிலில் உட்கார்ந்துவிட்டார்.

எயினனுக்கு அவரை உள்ளே விடவும் மனமில்லை, வாட விடவும் மனமில்லை. ஈட்டியைக் கதவோரம் சாத்திவிட்டு, தண்ணீர்ச் செம்போடு அவரே சுற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

அம்மையார் குடித்துவிட்டுக் கேட்டார். “அந்தச் சொல் வேற யாருக்குத் தெரியும்?”

“அரசருக்கு.”

“அவர் எங்கே?”

எயினன் ஆற்றின் பக்கம் பார்த்தார். “உடம்பு கரை ஒதுங்குச்சுன்னு சொன்னாங்க. நான் போய்ப் பார்க்கலை.”

“அப்போ தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். இங்கேயே நில்லுங்க. நான் உள்ளே போறேன். சொல்லைச் சொன்னா திறக்கிறேன். காவல் கேட்டா சொல்லலாம் இல்லையா?”

“சொல்லலாம். அதான் வழக்கம்.”

அம்மையார் சுற்றிக்கொண்டு போய் உள்ளே நின்றார்.

“யாரது?”

அந்தக் கேள்வியை எயினன் வெளியே நின்று கேட்டதே இல்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “எயினன்.”

“சொல்?”

கதவிடுக்கில் வாயை வைத்து மெல்லச் சொன்னார்.

“காதுல விழலை.”

இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

“விழலை எயினரே.”

“வீட்டுக்குப் போ, எயினா.”

சொன்னது அவர்தான். ஆனால் அரசரின் குரலாகவே அது அவர் காதில் விழுந்தது. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார்.

அவர் அழுது முடிக்கும்வரை அம்மையார் காத்திருந்தார்.

“இதுவா அடையாளச் சொல்?”

“இல்லை தாயே.”

“எப்போ தெரிஞ்சுது?”

“அன்னைக்கே தெரியும். எனக்குச் சொன்னதுன்னு எடுத்துக்கிட்டா, அவர் இனிமே வரமாட்டார்னு ஆயிடும். எனக்கு மனசு வரலை.”

“இப்போ?”

“நங்கையைப் பார்க்கணும்.” பிறகு தயங்கினார். “ஆனா வாசலை வெறுமனே விட்டுட்டு எப்படித் தாயே போறது?”

கதவு திறக்கவில்லை. உள்ளே ஈட்டியைத் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது.

“ஆள் மாத்தியாச்சு,” என்றார் அம்மையார்.