தூணில் கட்டிய கயிறு

மடத்துப் பள்ளிக்கூடத்தில் குலசேகரன் வாத்தியார் ஒன்று சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். ஆனால் அவருக்கும் சந்தேகம் வரும். வந்தால், மடத்தில் பிள்ளைகளுக்குக் கோலாட்டம் பழக்கும் நாச்சியம்மையிடம் போய் நிற்பார்; அவரைத்தான் தன் குருவாக நினைத்தார். குருவுக்குச் சிஷ்யரைவிடப் பத்து வயது குறைவு. ஊரில் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். வாத்தியார் கண்டுகொள்வதில்லை.

அன்று மதியம் வந்தபோது அவர் கையில் ஒரு தாள் இருந்தது.

“ஒரு பிள்ளையப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தணும். எத்தனை நாள்னு மட்டும் முடிவாகலைம்மா” என்றார்.

“யாரு? என்ன செஞ்சா?”

“ஒன்பதாம் வகுப்பு இசக்கி. கூடப் படிக்கிற பூரணத்தோட சோத்து டப்பாவைப் பிடுங்கி வீசிட்டா. ஜன்னல் கண்ணாடி உடைஞ்சு பூரணம் கையில கீறிடுச்சு.”

“இசக்கி இப்ப எங்க?”

“பையோட பள்ளிக்கூட வாசல்ல நிக்கா. தாளைக் கொடுத்தாப் போயிருவா.”

“திரும்பி வருவாளா?”

வாத்தியார் தாளைக் கை மாற்றிப் பிடித்தார். இசக்கியின் அக்காவையும் ஒரு தடவை பத்து நாள் நிறுத்தினார்கள். பதினோராம் நாள் அவள் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்விட்டாள். அந்தத் தாளிலும் கையெழுத்து இவருடையதுதான். அது அவரை இன்றைக்கும் உறுத்துகிறது.

“அதுக்காக விட்டுர முடியுமா? பூரணத்தோட அப்பா சாயங்காலம் வாராரு. அவருக்கு என்ன பதில் சொல்ல?”

“வாங்க, பிள்ளைங்க ஆடுறதைப் பாத்துட்டு வருவோம்” என்று அம்மை எழுந்தார்.

மண்டபத்தில் எட்டுப் பெண்கள் பின்னல் கோலாட்டம் பழகிக்கொண்டிருந்தார்கள். உத்தரத்திலிருந்து எட்டு வண்ணக் கயிறுகள் தொங்கின. ஆளுக்கு ஒரு கயிறு. கோலைத் தட்டிக்கொண்டே ஒருத்திக்கு உள்ளே, அடுத்தவளுக்கு வெளியே என்று சுற்றி வந்தால் மேலே கயிறுகள் பின்னிக்கொள்ளும். அதே வழியில் திருப்பி ஆடினால் பிரியும். பார்க்கிறவர்களுக்கு ரொம்பச் சுலபம்.

அன்று பிரிக்கும்போது சிக்கிக்கொண்டது. ஆட்டம் நின்றது.

“கோமுதான்மா. இடப்பக்கமாப் போயிட்டா” என்று ஏழு பேரும் சொன்னார்கள்.

அம்மை வாத்தியாரைப் பார்த்தார். “என்ன செய்யலாம்?”

“அவளை வெளிய நிறுத்திட்டு மத்தவங்க பிரிக்கட்டும்.”

“சரி, நிறுத்துங்க.”

வாத்தியார் கோமுவின் கயிற்றை வாங்கித் தூணில் கட்டினார். கோமு சுவரோரம் போய் அழாத குறையாக நின்றாள். மற்ற ஏழு பேரும் ஆடினார்கள். இரண்டு சுற்றிலேயே சிக்கு இன்னும் இறுகியது.

“கட்டின கயிறு குறுக்க வருது சார்.”

வாத்தியார் அதை அவிழ்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தக் கயிற்றைப் பிடித்துத் தானே ஆட இறங்கினார். பிள்ளைகள் சிரித்தார்கள், அம்மையும் சிரித்தார். இப்போது முடிச்சு முஷ்டி அளவுக்கு ஆகிவிட்டது. வாத்தியாருக்குக் கோபம் வரவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

“இது எங்கேதான் சிக்குச்சு?”

“தெரிஞ்சவ சுவரோரம் நிக்கா” என்றார் அம்மை.

வாத்தியார் கயிற்றைக் கோமுவிடம் கொடுத்தார். அவர் போட்ட சுற்றுகளை முதலில் பிரித்தார்கள். பிறகு கோமு மேலே பார்த்து விரலால் காற்றில் ஏதோ கோடு போட்டாள்.

“எல்லாரும் பின்னால நடங்க.”

“தப்பாப் போனது நீ. நாங்க எதுக்குடி?”

“நான் மட்டும் நடந்தாப் பிரியாதுடி.”

முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் பின்னால் நடந்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் கோமு நிறுத்தி, “இதுக்கு முந்தி நீ எங்க நின்னே? நீ?” என்று கேட்டாள். ஏழாவது அடியில் முடிச்சு தளர்ந்தது. வாத்தியார் தன்னை மறந்து கைதட்டிவிட்டார்.

வெளியே வந்ததும் அம்மை கேட்டார்.

“இசக்கி டப்பாவை வீசுனா. அதுக்கு முந்தி?”

“பூரணம் ஏதோ சொல்லியிருக்கா.”

“என்னன்னு?”

“‘நீ சோத்துக்குத்தானே பள்ளிக்கூடம் வாரே’ன்னு.”

“அதுக்கு முந்தி?”

“இசக்கி சத்துணவு வரிசையில முதல் ஆளா நின்னா.”

“அதுக்கு முந்தி?”

“ஒண்ணும் இல்லையேம்மா. காலையில லேட்டா வந்தா, அவ்வளவுதான்.”

“வந்தப்ப?”

வாத்தியார் நின்றுவிட்டார். காலையில் இசக்கி வகுப்பு வாசலில் வந்து நின்றபோது எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வைத்தவர் அவர்தான். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடித்தும் இருந்தது.

“‘சோத்து மணிக்கு மட்டும் லேட்டாக மாட்டியே’ன்னு…” குரல் இறங்கியது. “நான்தான் சொன்னேன்.”

வாத்தியார் தாளைப் பார்த்தார். நாள் எழுத விட்ட இடம் அப்படியே இருந்தது. தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“வாசலுக்குப் போறேம்மா” என்றார். இரண்டு அடி நடந்துவிட்டுத் திரும்பினார். “நான் மட்டும் போனாப் போதுமா?”

“கோமுகிட்ட கேளுங்க” என்றார் நாச்சியம்மை.