எல்லாவற்றுக்கும் ‘ஆச்சு’

“என் கம்ப்யூட்டர் மகளோட கேம் பெட்டியைவிட எவ்வளவோ பெரிசு டீச்சர். அதுல ஓடுற கேமை ஓட்ட மட்டும் ஏன் இந்தத் திணறு திணறுது?”

கேட்ட ஆறுமுகநயினார் ஐம்பதைத் தாண்டியவர். பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில், தன்னைவிட மிகச் சின்னவளான ரோஸ்லினிடம் புரோகிராமிங் படிக்கிறார்.

ரோஸ்லின் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“நீங்களும் என்னைவிடப் பெரிய ஆள்தானே அண்ணாச்சி. நான் கண் சிமிட்டுத அதே நொடியில நீங்களும் சிமிட்டுங்க, பாப்போம்.”

முயன்றார். ஒன்று முந்தியது. ஒன்று பிந்தியது. கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம்.

“அடுத்தவங்க மாதிரியே நடக்கது கஷ்டம்லா. கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான்,” என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அவர் மகள் கோமதி, விபத்துக்குப் பிறகு படுக்கையில் கிடக்கிறாள். அந்தக் கேமுக்குள் ஓர் ஊரைக் கட்டியிருக்கிறாள். தெருத்தெருவாக, மரம் மரமாக. அவள் நடமாடுவது அங்கேதான்.

கேம் பெட்டி சூடேறி நின்று நின்று போனது. அது சாவதற்குள் ஊரை எடுத்துக் கம்ப்யூட்டரில் வைத்தார். கம்ப்யூட்டரை அந்தப் பெட்டி போலவே நடந்துகொள்ள வைக்க ஒரு புரோகிராம் எழுதினார். நேற்று பெட்டி செத்தது.

“இப்ப ஓடுதா?”

“திணறினாலும் ஓடுது. காலையிலயிருந்து கோமதி விளையாடுதா.”

“எப்படி ஓட வச்சீங்க?”

அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை.

“கேம் அந்தப் பெட்டிகிட்ட ஓயாம கேட்டுக்கிட்டே இருக்கும் டீச்சர். இதைச் செஞ்சாச்சா, அதைச் செஞ்சாச்சான்னு. பாதிக்கு என்ன செய்யணும்னே எனக்குத் தெரியல. அதுக்கெல்லாம் ‘ஆச்சு’ன்னு சொல்ல வச்சுட்டேன். நம்பிட்டுப் போயிருது.”

டீ ஆற்றிய கை நின்றது.

“‘ஊரைச் சேமிச்சாச்சா’ன்னு கேட்டா?”

“‘ஆச்சு’ன்னு சொல்லும்.”

“சேமிக்குமா?”

“அதை நான் இன்னும் எழுதல டீச்சர்.”

“சரி, பழைய ஊரு டிஸ்க்ல இருக்கும்லா?”

“புதுசை எழுதுததுக்கு முன்னாடி கேம் பழசை அழிக்கச் சொல்லும்.”

“அதுக்கும் வெறும் ‘ஆச்சு’தானா?”

“இல்ல டீச்சர். அழிக்கிறது சுலபம். அதை மட்டும் முதல்லயே ஒழுங்கா எழுதிட்டேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

“காப்பி எடுத்து வச்சீங்களா?”

தலை இடவலமாக அசைந்தது.

“அப்ப ஊரு இப்ப எங்க இருக்கு அண்ணாச்சி?”

“ஓடுற கேமுக்குள்ள. அது நிக்கிற வரைக்கும்.”

போன் அடித்தது. கோமதி.

“அப்பா, கரண்ட் போயிட்டு. யூபிஎஸ் கத்துது. ஊரைச் சேமிச்சாச்சுன்னு காட்டுது. ஆஃப் பண்ணிரவா?”

பின்னால் அந்தக் கீச்சொலி கேட்டது. இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

அவர் ரோஸ்லினைப் பார்த்தார். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அப்பா? சேமிச்சாச்சுல்லா?”

‘ஆமாம்மா’ நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை விழுங்கினார்.

“இல்லம்மா. ஆஃப் பண்ணாத. அது பொய் சொல்லுது.”

“கேம் எதுக்குப்பா பொய் சொல்லும்?”

“நான்தான் சொல்ல வச்சேன். சேமிக்க வைக்கத் தெரியல. கேம் நின்னு நீ பயந்துரக் கூடாதுன்னு.”

கீச்சொலி விடாமல் நீண்டது. பிறகு கம்ப்யூட்டரோடு சேர்ந்து அதுவும் அடங்கியது.

கோமதி போனை வைக்கவில்லை.

“அப்பா,” என்றாள். “நான் நடந்துருவேன்னு டாக்டர் சொன்னார்னு சொன்னீங்களே. அது?”