எடுக்க ஆளில்லாத சாபம்

வெள்ளைக்காரன் கப்பல்கள் பாய்விரித்து வந்துபோன காலம். கடலோரப் பட்டணம் ஒன்றின் துறைமுகக் கச்சேரியில் முப்பது வருஷமாகத் துபாஷி வேலை பார்த்தார் திருமேனிநாதன். இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் சொல்ல வேண்டும், தமிழில் சொன்னதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். ஒரு சொல் கூட்ட மாட்டார், ஒரு சொல் குறைக்க மாட்டார். அதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அன்று காலை அவர் உப்பளத்து வரப்பில் தடுமாறித் தடுமாறி நடந்தார். முன்னால் உமரிக்கீரை பறித்துக்கொண்டே போனார் அவருடைய குரு உப்புச்சாமி. குருவுக்கு வயது முப்பத்திரண்டு, சீடருக்கு ஐம்பத்தெட்டு. ஊர் இதைச் சொல்லிச் சிரித்தது. ஊருக்கென்ன, தாடிக்குத்தான் ஞானம் என்றால் ஆட்டுக்கிடாவுக்கல்லவா மடம் கட்ட வேண்டும்!

“சாமி, கொஞ்சம் நில்லுங்க. பதினெட்டு நாளா எனக்குத் தூக்கமில்லை.”

“நடந்துக்கிட்டே சொல்லுங்க துபாஷியாரே. வெயில் ஏறினா கீரை வாடிடும்.”

துபாஷியார் மூச்சு வாங்கச் சொன்னார்.

அலையைத் தாண்டிப் போய்க் கப்பல் சரக்கைக் கரை சேர்க்கும் படகுக்குச் சலங்கு என்று பெயர். சலங்குக்காரர்களில் கெட்டிக்காரன் அஞ்சாப்புலி. பதினெட்டு நாளைக்கு முன் அலை முரண்டு பிடித்ததில் கப்பித்தானுடைய பெட்டி ஒன்று நனைந்துவிட்டது. கப்பித்தான் என்றால் கப்பலுக்குத் தலைவன். அவன் கரையில் நின்று குதித்தான், கத்தினான். பக்கத்தில் நின்ற துபாஷியார் அதை அட்சரம் பிசகாமல் தமிழில் சொன்னார்.

“உன் கண்ணு ரெண்டும் நரகத் தீயிலே வெந்து போகட்டும்!”

அஞ்சாப்புலியின் கையிலிருந்து துடுப்பு நழுவியது. மறுநாள் வெளிச்சம் மங்குகிறது என்றான். மூன்றாம் நாள் கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. நாலு பிள்ளைகள், அக்கம்பக்கத்தார் ஊற்றுகிற கஞ்சியில் கிடக்கிறார்கள். அஞ்சாப்புலி என்று பேர் வைத்தவர்கள் பார்த்தால் அழுதிருப்பார்கள்.

“வைத்தியர் பார்த்தாரா?”

“பார்த்தார். கண்ணில ஒரு கோளாறும் இல்லைங்கிறார்.”

“அந்த வசவுக்கு நிஜமாவே அதுதான் அர்த்தமா?”

துபாஷியாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“என்ன சாமி இப்படிக் கேட்டுட்டீங்க? பாதிரிமாரை விசாரிச்சு, வெள்ளைக்காரன் வசவு ஒவ்வொண்ணும் பிறந்த கதையை எழுதி வச்சிருக்கேன். ‘டேம் யுவர் ஐஸ்’னா, தீர்ப்பு நாள்ல ஆண்டவன் உன் கண்ணை நரகத்துல தள்ளட்டும்னு அர்த்தம். ‘பாக்ஸ் ஆன் யூ’ன்னா, உடம்பெல்லாம் அம்மைக் கொப்புளம் போட்டுச் சாவுன்னு. அந்த நோய் அவங்க சீமையில ஊர் ஊரா வாரிக்கிட்டுப் போயிருக்கு. ‘ஜவுண்ட்ஸ்’னு ஒண்ணு. அது ஏசு சாமியோட காயத்து மேல வைக்கிற ஆணை. முழுசா ‘காட்ஸ் ஊண்ட்ஸ்’னு சொன்னா பாவம்னு தலையை வெட்டிட்டு வாலை மட்டும் வச்சுக்கிட்டாங்க.”

“கப்பித்தான் இதையெல்லாம் எப்பச் சொல்வார்?”

“எப்பத்தான் சொல்ல மாட்டார்? சூப்பு ஆறிப்போனா சொல்வார். கயிறு சிக்கினா சொல்வார். மழையைப் பார்த்துச் சொல்வார். அவர் நாயைத் தினம் பத்துத் தடவை சொல்வார்.”

“நாய்க்குக் கண்ணு போச்சா?”

“இல்லை.”

“ஏன்?”

“நாய்க்குப் போய் அர்த்தம் யார் சாமி சொல்றது...” துபாஷியார் பாதியில் நின்றுவிட்டார். ஒரு கால் வரப்பிலிருந்து வழுக்கி முழங்கால்வரை சேற்றில் இறங்கியது.

உப்புச்சாமி கை கொடுத்துத் தூக்கிவிட்டார். 

துபாஷியாருக்கு அந்தப் பேச்சில் நிற்கப் பிடிக்கவில்லை. கால் சேற்றைக்கூடத் துடைக்காமல் குருவை முந்திக்கொண்டு வந்து எதிரே நின்றார்.

“அதை விடுங்க சாமி. மீதியைக் கேளுங்க. எங்க கரையில ஒரு வழக்கம் உண்டு. சாபம் விட்டவனே கடல் தண்ணியைக் கையில அள்ளி, வாங்கினவன் கால்ல ஊத்தி, நாலு பேர் கேட்க ‘என் சொல்லை நான் எடுத்துக்கிட்டேன்’னு சொல்லணும். அடுத்தவன் சொன்னா செல்லாது. அதுக்காகக் கப்பலுக்கே போய்க் கப்பித்தான் கால்ல விழாத குறையாக் கெஞ்சினேன்.”

“என்ன சொன்னார்?”

“‘எந்தப் படகுக்காரன்? நான் என்ன சொன்னேன்?’னு என்னையே கேட்டார். அவருக்கு ஞாபகமே இல்லை சாமி! சிரிச்சார். மறுநாள் சீமைக்குப் போயிட்டார்.”

“அஞ்சாப்புலிகிட்ட இதைச் சொன்னீங்களா?”

“அப்படியே சொன்னேன். என் பழக்கம் அது. ‘துபாஷி ஐயா, விட்டவருக்கே ஞாபகம் இல்லைன்னா எடுக்க யார் இருக்கா?’ன்னான். அன்னைக்கிலிருந்து கஞ்சியையும் தொடலை. பிழைக்க மாட்டான் போலிருக்கு.”

துபாஷியார் கைகளைக் கூப்பினார். பாவம், கல்நெஞ்சக்காரர் இல்லை அவர்.

“ஒரு மந்திரம் சொல்லுங்க சாமி. ஒரு துளி விபூதியாவது குடுங்க.”

“கடல் பக்கத்துலதானே இருக்கு. தண்ணியை நீங்க ஊத்துங்க.”

“நானா?”

“நீங்கதான்.”

துபாஷியாருக்குக் குப்பென்று வியர்த்தது. மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். திரும்பக் கட்டினார், திரும்ப அவிழ்த்தார்.

“நாலு பேர் முன்னால அது என் சொல்லுன்னு ஒத்துக்கச் சொல்றீங்களா? நாளைக்குக் கச்சேரியில என் வாயை எவன் நம்புவான்? இது துரை சொன்னதா, துபாஷி சொன்னதான்னு ஒவ்வொருத்தனும் கேட்க மாட்டானா? என் பிழைப்பே அதுதானே சாமி! இந்த முப்பது வருஷத்துல என் சொந்தச் சொல் ஒண்ணுகூட அங்க நான் பேசினதில்லை!”

உப்புச்சாமி குனிந்து இன்னொரு பிடி கீரை கிள்ளினார்.

“துபாஷியாரே, அஞ்சாப்புலிக்கு இங்கிலீஷ் தெரியுமா?”