ஐந்து இலை விடுதி

ஒரு காட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு துறை இருந்தது. தண்ணீருக்கு ஒன்று, தேனுக்கு ஒன்று, காட்டுத் தீக்கு ஒன்று. விருந்தாளிகளுக்கு மட்டும் இல்லை. அந்தக் குறை யானையரசரை நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருந்தது.

குளிர்காலம் வந்தால் அந்தக் காட்டு ஏரிக்குத் தூர தேசத்துப் பறவைகள் கூட்டம் கூட்டமாக வரும். அவற்றின் எச்சம் விழுந்து கரையோர மரங்கள் செழிக்கும். அவை சொல்லும் பனிமலைக் கதைகளைக் கேட்டுக் காடே வாய்பிளந்து நிற்கும்.

"இப்படிப்பட்ட விருந்தாளிகளை ஒழுங்காகக் கவனிக்க வேண்டாமா?" என்ற அரசர், விருந்தினர் துறை என்று ஒன்றை ஏற்படுத்தினார். மரநாயை அதற்குத் தலைவராக்கினார்.

சட்டமும் வந்தது. இனி வெளிநாட்டுப் பறவைகள் கண்ட இடத்தில் தங்கக் கூடாது. துறை நேரில் பார்த்து, தரம் சொல்லி, முத்திரை வைத்த விடுதியில்தான் தங்க வேண்டும். சுமாரான விடுதிக்கு ஓர் இலை. மிகச் சிறந்த விடுதிக்கு ஐந்து இலை.

நல்ல சட்டம்தான், குழந்தைகளே. ஆனால் மரநாய்க்குத் தன் மரத்தை விட்டு இறங்கும் வழக்கமே இல்லை. விண்ணப்பத்தோடு ஒரு கூடை இலந்தைப்பழமும் வந்தால் போதும். பழத்தைத் தின்றுகொண்டே, பக்கத்தில் வைத்திருக்கும் சேற்றில் பாதத்தைத் தோய்த்து முத்திரை வைத்துவிடும். பழம் இனிப்பாக இருந்தால் ஐந்து இலை!

அந்த ஏரிக்கரையில் ஓர் ஆட்காட்டிக் குருவி இருந்தது. அதற்கு எதிலும் சந்தேகம். இலை அசைந்தால் சந்தேகம். அசையாமல் இருந்தால் அதைவிடப் பெரிய சந்தேகம். போன வாரம் ஒரு பனம்பழம் விழுந்ததற்கே "ஆபத்து! ஆபத்து!" என்று கத்திக் காட்டையே கலக்கிவிட்டது. அதனால் அதன் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஒரு நாள் காலை, பெரிய மருதமரத்துப் பொந்தின் வாசலில் ஐந்து இலைகள் தொங்குவதை ஆட்காட்டி பார்த்தது. கீழே சேற்றையும் பார்த்தது. உடனே மரநாயிடம் பறந்தது.

"ஐயா, மருதமர விடுதியை நேரில் போய்ப் பார்த்தீர்களா?"

"பார்க்காமலா முத்திரை வைப்பேன்? நேற்று மாலை உள்ளே போய் மூலை முடுக்கெல்லாம் பார்த்தேன்."

"நேற்று மதியமே மழை பெய்து கரை முழுக்கச் சேறாகிவிட்டது. அதில் உங்கள் காலடி ஒன்றுகூட இல்லையே?"

மரநாய் இலந்தைக் கொட்டையைத் துப்பியது. "நான் கிளைக்குக் கிளை தாவிப் போனேன்."

"கால் இல்லாத ஏதோ ஒன்று ஊர்ந்து உள்ளே போன தடம் இருக்கிறது, ஐயா. கனமான தடம்."

"அது மெத்தையை இழுத்துப்போன தடம். எதற்கெடுத்தாலும் சந்தேகப்பட்டால் உனக்கெல்லாம் தூக்கம் எப்படி வருகிறது? போ, போ."

ஆட்காட்டி அரசரிடம் ஓடியது. அரசர் சிரித்தார்.

"இன்றும் பனம்பழமா? துறை பார்த்துவிட்டது, முத்திரையும் இருக்கிறது. இரண்டு நாளில் வரித்தலை வாத்துகள் குஞ்சுகளோடு வருகின்றன. மருதமர விடுதியைத்தான் அவற்றுக்கு ஒதுக்கியிருக்கிறேன். வீண் பீதியைக் கிளப்பாதே."

ஆட்காட்டி ஏரிக்கரைக்குத் திரும்பியது. பாவம், அந்தக் குஞ்சுகள் முதல்முறையாகப் பனிமலையைத் தாண்டி வருகின்றன. களைத்துப்போய்க் கண்ணை மூடும் இடம் இதுவா? கத்திப் பயனில்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது. அன்று முழுவதும் இலந்தைப்பழம் பொறுக்கியது.

மறுநாள் ஒரு கூடைப் பழத்தோடு மரநாயின் முன் போய் நின்றது. "ஐயா, நேற்று பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நான் ஒரு புதிய விடுதிக்கு முத்திரை வாங்க வந்தேன்."

"இப்போதுதான் உனக்குப் புத்தி வந்திருக்கிறது. விடுதி எப்படி?"

"ஏரியைப் பார்த்த குகை, ஐயா. தரையெல்லாம் இளஞ்சிவப்பு விரிப்பு. இரண்டு பக்கமும் வரிசையாக வெள்ளைத் தூண்கள். கதவு தானாக மூடிக்கொள்ளும். இதுவரை உள்ளே போனவர்கள் ஒருவர்கூட ஒரு குறையும் சொன்னதில்லை."

அது எந்த இடம் என்று நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். மரநாய் கண்டுபிடிக்கவில்லை. அதன் வாய் நிறையப் பழம். "நானே உள்ளே போய்ப் பார்த்தேன். மிக வசதியான இடம்" என்று சான்றிதழ் எழுதி, ஐந்து இலை கொடுத்து அனுப்பியது.

அடுத்த நாள் காலை வாத்துகள் வந்து இறங்கின. குஞ்சுகள் நிற்க முடியாமல் தள்ளாடின. அரசரே கரைக்கு வந்து வரவேற்றார். அப்போது ஆட்காட்டி முன்னால் வந்தது.

"அரசே, ஐந்து இலை பெற்ற புதிய விடுதி ஒன்று இருக்கிறது. துறைத் தலைவரே முதலில் உள்ளே போய் அதைத் திறந்துவைக்கட்டும். விருந்தாளிகளும் பார்க்கட்டும்."

திறப்புவிழா என்றதும் மரநாய் மரத்திலிருந்து இறங்கி வந்தது. மீசையைத் தடவிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடந்தது.

கரை வளைந்த இடத்தில் ஆட்காட்டி நின்றது. அங்கே ஒரு பெரிய முதலை வாயைப் பிளந்தபடி வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"இதுதான் அந்த விடுதி" என்றது ஆட்காட்டி.

அரசர் ஆட்காட்டியிடமிருந்து சான்றிதழை வாங்கி உரக்கப் படித்தார். படிக்கப் படிக்க அவர் குரல் மாறியது. "நீயே உள்ளே போய்ப் பார்த்ததாக எழுதியிருக்கிறாய். எங்கே, எங்கள் கண்முன்னால் இன்னொரு முறை போய்விட்டு வா."

முதலை ஒரு கண்ணைத் திறந்தது. "வாருங்கள், வாருங்கள். அறை காலியாகத்தான் இருக்கிறது."

மரநாய் இரண்டடி பின்னால் நகர்ந்தது. தொப்பென்று அரசரின் காலில் விழுந்தது. "மன்னித்துவிடுங்கள், அரசே! நான் பார்க்கவில்லை."

"மருதமரத்தை?"

"அதையும் பார்க்கவில்லை. எதையுமே பார்க்கவில்லை!"

அரசர் விறுவிறுவென்று மருதமரத்துக்குப் போனார். ஒரு நீளமான கிளையை ஒடித்துப் பொந்துக்குள் விட்டுக் கிண்டினார். உள்ளேயிருந்து மலைப்பாம்பு ஒன்று சோம்பலாகத் தலையை நீட்டியது.

"என்ன தொந்தரவு இது? நானும்தானே ஒரு கூடை பழம் அனுப்பினேன்?" என்றது.

தாய் வாத்து குஞ்சுகளை இழுத்துச் சிறகுக்குள் மூடிக்கொண்டது. அரசருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "முத்திரையைப் பார்த்தேனே தவிர இடத்தைப் பார்க்கவில்லையே" என்று முனகினார். ஆட்காட்டியின் பக்கம் திரும்பவே அவருக்குத் தயக்கமாக இருந்தது.

பிறகு மரநாயிடம் சொன்னார்: "உன் பதவியை நான் பறிக்கப் போவதில்லை. ஆனால் இன்று முதல், நீ முத்திரை வைத்த ஒவ்வொரு விடுதியிலும் முதல் இரவு நீதான் படுத்துத் தூங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் விருந்தாளிகள்."

அந்தக் காட்டில் ஐந்து இலை பெற்ற விடுதிகள் நாற்பது இருந்தன. மரநாய் வியர்க்க விறுவிறுக்க ஓடி ஓடி, தானே இலைகளைப் பிய்த்தெறிந்தது. பொழுது சாய்வதற்குள் மூன்றுதான் மிஞ்சின.

நீதி: நேரில் பாராமல் கொடுக்கும் நற்சான்று, அதை நம்பி வருபவரின் உயிருக்கே உலை வைக்கும்.