ரத்தம் உரசிய இடம்

“நோய் நுரையீரல்ல இருக்கு. கையை எதுக்கு மேடம் பார்க்கிறோம்?” என்று கேட்டார் சூசைராஜ்.

பெரியவர்களின் இதயத்துக்கு இருபது வருடம் வைத்தியம் பார்த்தவர். குழந்தைகளின் இதயத்தைப் படிக்க, தன்னைவிட வயதில் இளைய டாக்டர் மெஹருன்னிசாவிடம் மாணவராக வந்திருந்தார்.

மெஹருன்னிசா ஸ்கேன் திரையை அவர் பக்கம் திருப்பினார். கட்டிலில் படுத்திருந்த ஜெனிஷாவின் கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி, ரத்தம் போகாதபடி இறுக்கினார்.

ஏழு வயது ஜெனிஷாவுக்கு நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுகிக்கொண்டே வந்தன. நாலு படி ஏறினால் உதடு நீலமாகிவிடும். மாத்திரையே போதுமா, நெஞ்சில் குழாய் வைத்து இரவும் பகலும் மருந்து ஏற்ற வேண்டுமா? மற்ற சோதனைகளில் தெளிவு கிடைக்கவில்லை. கையில் ரத்தத்தை நிறுத்தி, திறந்துவிட்டதும் குழாய் விரிகிறதா என்று பார்க்கும் இது ஒன்றுதான் பாக்கி. மாத்திரை தொடங்கும் முன் இதே சோதனையில் அவள் கை ரத்தக்குழாய் விரியவே இல்லை.

“அங்கிள், கையில எறும்பு ஊருது.”

“சர்க்கரை தின்னியா?”

“உங்களுக்குக் கட்டினா உங்களுக்கும்தான் ஊரும்.”

சுவரோரம் நின்ற அம்மா சிரிக்கவில்லை.

மெஹருன்னிசா பட்டையைத் தளர்த்தினார். தடுத்து வைத்த ரத்தம் பாய்ந்தது. திரையில் குழாயின் சுவர்கள் இரண்டு கோடுகளாகத் தெரிந்தன. அவள் கைமேல் ஸ்கேன் கருவியைப் பிடித்திருந்த சூசைராஜ் உடனே அகலத்தை அளந்தார்.

“விரியல மேடம். அம்மாகிட்ட சொல்லிடலாமா?”

“கருவியை எடுக்காதீங்க டாக்டர்.”

“ரத்தம் பாய்ஞ்சிடுச்சே.”

“பாய்ஞ்சது குழாய்க்குத் தெரிய வேண்டாமா?”

காத்திருந்தார்கள். பாய்ச்சல் அடங்கியது. அதன் பிறகு, அந்த இரண்டு கோடுகளும் மெல்ல விலகின. ஒரு முடியளவு. ஆனால் விலகின.

சூசைராஜ் மறுபடி அளந்தார். அடைத்த குழாய்களைக் கம்பி விட்டுத் திறந்தே பழகிய கை அவருடையது. ஒரு குழாய் தானாகத் திறப்பதை அவர் நின்று பார்த்ததே இல்லை.

“முடியளவுதானே மேடம்,” என்றார், குரல் தணிந்து. “இது நுரையீரலைப் பத்திச் சொல்லுமா?”

“ரத்தம் உரசினதும் குழாயைத் திறக்கச் சொல்றது உள்ளே இருக்கிற சவ்வு. ஒரே ஒரு செல் கனம். விரல் நுனியிலேர்ந்து நுரையீரல் வரைக்கும் ஒரே சவ்வுதான், அதுல எங்கேயும் தையல் கிடையாது, டாக்டர்.”

“அப்போ மாத்திரை நுரையீரல்லேயும் வேலை செய்யுது,” என்றார் சூசைராஜ்.

அம்மா ஓரடி முன்னால் வந்தாள். “குழாய் வைக்கணுமா டாக்டரம்மா?”

“இப்போ வேண்டாம்மா. ரத்தம் வர்றது அவ உடம்புக்குத் தெரிய ஆரம்பிச்சிருக்கு.”